உள்ளூர் மாட் கவர்ஸ் பேண்டு பார்க்கப் போகும் இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் குடியிருக்கிறேன். பக்கத்து ஊர் பப்களில் சனிக்கிழமை இரவுகளில் மாட் பாட்டுகள் வாசிக்கும் குழுக்களைத் தேடிப் போய்க் கேட்பது பல வருடப் பழக்கம். படிக்க வந்த பிள்ளைகள், மருத்துவமனையில் வேலை செய்யும் தோழிகள், ஊரிலிருந்து வந்து தங்கும் சொந்தக்காரர்கள் என்று யாரைக் கூப்பிட்டாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், வில்லங்கமானவை கடைசியில்.

அக்கா, மாட்னா என்ன? மியூசிக்கா, இல்ல டிரஸ் ஸ்டைலா?

இரண்டும்தான். ஸ்கூட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1950களின் கடைசியில் லண்டனில் மாடர்ன் ஜாஸ் கேட்ட சில இளைஞர்கள் தங்களை மாடர்னிஸ்ட் என்று சொல்லிக்கொண்டார்கள். அதுதான் மாட் என்று சுருங்கியது. பெரும்பாலும் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். கடையிலும் ஆபீஸிலும் சின்ன வேலை. வாங்கும் சம்பளத்தில் பெரும்பகுதி இத்தாலிய வெட்டில் தைத்த சூட்டுக்கும் இசைத்தட்டுக்கும் போய்விடும்.

ஜாஸில் தொடங்கியவர்கள் சீக்கிரமே அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் புளூஸ், சோல் இசைக்கும், ஜமைக்காவின் ஸ்கா இசைக்கும் வந்து சேர்ந்தார்கள். சோஹோ பகுதியில் வார்டர் தெருவில் இருந்த ஃபிளமிங்கோ கிளப்பும், ஹாம் யார்டில் இருந்த சீன் கிளப்பும் அவர்களுடைய இடங்கள். 1963 முதல் 1966 வரை வெள்ளிக்கிழமை மாலைகளில் ஓடிய 'ரெடி ஸ்டெடி கோ' தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்தப் பாணியை நாடு முழுக்கக் கொண்டுபோனது. தி ஹூ, ஸ்மால் ஃபேசஸ், கிங்க்ஸ் போன்ற குழுக்கள் அந்தக் காலத்தில் எழுந்தவை. அப்புறம் 1970களின் கடைசியில் வோக்கிங் என்ற ஊரிலிருந்து வந்த தி ஜாம் குழுவால் அதே அலை இன்னொரு முறை அடித்தது. இன்று உள்ளூர் குழுக்கள் வாசிப்பது முக்கியமாக இந்த இரண்டு காலத்துப் பாட்டுகளைத்தான்.

கவர்ஸ் பேண்டுன்னா நம்ம ஊரு ஆர்கெஸ்ட்ரா மாதிரியா? அப்ப ட்ரிப்யூட் பேண்டுன்னா என்ன?

கோயில் திருவிழாவில் மேடை போட்டு, எல்லா இசையமைப்பாளர் பாட்டையும் கலந்து பாடும் மெல்லிசைக் குழு நினைவிருக்கிறதா? கவர்ஸ் பேண்டும் அந்த வேலையைத்தான் செய்கிறது. பல குழுக்களின் பாட்டுகளை எடுத்து, தங்கள் கையில் இருக்கும் கருவிகளுக்கு ஏற்ப மாற்றி வாசிப்பார்கள். குரல் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ட்ரிப்யூட் பேண்டு ஒரே ஒரு குழுவை எடுத்துக்கொள்ளும். முடிவெட்டு, சட்டை, கிடார் மாடல், மேடையில் நிற்கும் விதம் எல்லாமே அந்தக் குழுவைப் போலவே இருக்கும். அதற்குப் பெரும்பாலும் டிக்கெட், தியேட்டர், நாற்காலி எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது கவர்ஸ் பேண்டுதான். அடுத்து என்ன பாட்டு வரும் என்று தெரியாது என்பதே ஒரு சந்தோஷம்.

அன்னிக்கு என்ன பாட்டெல்லாம் வாசிப்பாங்க?

குழுவுக்குக் குழு மாறும். ஆனால் சில பாட்டுகள் வராமல் இரவு முடியாது. கிங்க்ஸின் 'யூ ரியலி காட் மீ' (1964) நிச்சயம் உண்டு. அந்தப் பாட்டின் கரகரப்பான கிடார் ஒலிக்காக டேவ் டேவிஸ் தன் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் தாளைப் பிளேடால் கீறினார். இன்றைக்குக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி ஒன்றே அந்த ஒலியைத் தந்துவிடுகிறது. ஆனாலும் முதல் இரண்டு நொடியிலேயே கூட்டம் முன்னால் நகர்வதைப் பார்ப்பீர்கள்.

தி ஹூவின் 'மை ஜெனரேஷன்' (1965) வரும்போது கண்ணை பேஸ் கிடார்காரர் மேல் வையுங்கள். நடுவில் பேஸ் தனியாக வாசிக்கும் இடம் வரும். ராக் இசையில் பேஸுக்கு அப்படித் தனி இடம் கொடுப்பது அன்று அபூர்வம். ஜான் என்ட்விசில் அசலில் வாசித்ததை உள்ளூர் கலைஞர் ஒருவர் தப்பில்லாமல் வாசித்து முடித்தால் பப்பே கத்தும். கிடார்காரர் கையைக் காற்றாடிபோல் முழு வட்டமாகச் சுழற்றி அடித்தால் அது தி ஹூவின் கிடார் கலைஞர் பீட் டவுன்சென்டின் பாணி.

ஸ்மால் ஃபேசஸின் 'ஆல் ஆர் நத்திங்' (1966) கூட்டம் சேர்ந்து பாடும் பாட்டு. ஸ்டீவ் மாரியட்டின் குரல் பெரிய குரல், எல்லோராலும் எட்ட முடியாது. கெட்டிக்காரப் பாடகர் பல்லவி வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிடுவார். தி ஜாமில் 'கோயிங் அண்டர்கிரவுண்ட்' (1980), 'டவுன் கால்ட் மாலிஸ்' (1982) இரண்டும் கடைசி அரைமணி நேரத்துக்கு என்று எடுத்து வைத்திருப்பார்கள். இவற்றுக்கு நடுவில் மோட்டவுன், ஸ்டாக்ஸ் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சோல் பாட்டுகள் நாலைந்து வரும். ஹாமண்ட் ஆர்கன் ஒலி தரும் கீபோர்டு மேடையில் இருந்தால் 'கிரீன் அனியன்ஸ்' (1962) எதிர்பார்க்கலாம். அதில் பாட்டே கிடையாது, வாத்தியம் மட்டும்தான்.

எனக்கு இதுல ஒரு பாட்டு கூடத் தெரியாது. போனா போரடிக்காதா?

அடிக்காது. பெரும்பாலானவை இரண்டரை, மூன்று நிமிடப் பாட்டுகள். பிடிக்காதது ஒன்று வந்தாலும் மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். மேலே சொன்ன ஐந்தாறு பாட்டை மட்டும் பஸ்ஸில் போகும்போது ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், அதுவே போதும். தெரிந்த பாட்டு ஒன்று நேரில் அந்தச் சத்தத்தோடு வரும்போது கிடைக்கும் குதூகலத்துக்காகச் சொல்கிறேன்.

எங்க, எத்தனை மணிக்கு நடக்கும்? டிக்கெட் எவ்வளவு?

பப், தொழிலாளர் சங்கக் கூடம், கால்பந்துக் கிளப்பின் பார் அறை, சின்ன இசைக்கூடம் இவற்றில்தான். வெள்ளி, சனி இரவுகளே அதிகம். பப்பில் பெரும்பாலும் நுழைவு இலவசம், குழுவுக்குப் பப்பே பணம் கொடுத்துவிடும். தனிக் கூடம் என்றால் வாசலில் சின்னத் தொகை வாங்குவார்கள். பப் வாசலில் ஒட்டும் போஸ்டரும் அவர்களுடைய சமூக வலைத்தளப் பக்கமும்தான் நம்பகமான தகவல்.

வழக்கமாக ஒன்பது மணி சுமாருக்குத் தொடங்கி, முக்கால் மணி நேரம் வாசித்து, ஓர் இடைவேளை விட்டு, இன்னொரு முக்கால் மணி நேரம் வாசித்து, பதினொன்றுக்குள் முடிப்பார்கள். அந்தப் பதினொரு மணிக்குக் காரணம் சட்டம். 2012இல் வந்த நேரடி இசைச் சட்டத்தின்படி, மது விற்க உரிமம் உள்ள இடங்களில் காலை 8 முதல் இரவு 11 வரை நேரடி இசைக்குத் தனி அனுமதி தேவையில்லை. கூட்டம் 500 பேருக்குள் இருக்க வேண்டும். முதலில் 200 என்று இருந்ததை 2015இல் உயர்த்தினார்கள். சின்ன ஊர் பப்களில் நேரடி இசை பிழைத்துக் கிடப்பதில் இந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன். ஒன்று மட்டும் செய்யுங்கள்: கடைசி ரயில், கடைசி பஸ் நேரத்தைக் கிளம்பும்போதே பார்த்துவிடுங்கள்.

நான் குடிக்க மாட்டேன். பப்புக்குள்ள போய் என்ன பண்றது?

லைம் அண்ட் சோடா கேளுங்கள். பாரில் கிடைப்பதிலேயே மலிவானவற்றில் ஒன்று, யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். ஆல்கஹால் இல்லாத பீர் இப்போது அநேகமாக எல்லா இடத்திலும் இருக்கிறது. ஜிஞ்சர் பீர், ஆரஞ்சு ஜூஸ் எதுவானாலும் சரி. ஏதாவது ஒன்று வாங்குவது மரியாதை. நுழைவு இலவசமாக இருக்கும் இடத்தில் குழுவின் சம்பளம் பாரில் விழும் காசிலிருந்துதான் வருகிறது.

மேசைக்கு வந்து கேட்பார்கள் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், நாமே பாருக்குப் போய் வாங்கி, உடனே பணம் கொடுக்க வேண்டும். நாலைந்து பேராகப் போனால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்கித் தருவது இங்கே வழக்கம். நீங்கள் குடிக்காதவர் என்றால் அந்தச் சுற்றிலிருந்து விலகி, உங்களுடையதை நீங்களே வாங்கிக்கொள்வதாக முதலிலேயே சொல்லிவிடலாம். யாரும் வருத்தப்பட மாட்டார்கள். சமையலறை சீக்கிரம் மூடிவிடும், அதனால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

எனக்கு 23 வயசு. உள்ள விட மாட்டேன்னு சொல்வாங்களா?

18 ஆகிவிட்டால் மது வாங்கலாம். ஆனால் 25க்குக் கீழே தெரிபவர்கள் எல்லோரிடமும் அடையாளம் கேட்பது பல இடங்களில் விதி. உங்கள் விசா இப்போது இணையத்தில் இருப்பதால் பழையபடி கையில் காட்ட ஓர் அட்டை கிடையாது. ஒவ்வொரு தடவையும் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு போவது ஆபத்து. இங்கே 185 நாட்கள் தங்க அனுமதி இருந்தால் பயிற்சி ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். கார் ஓட்டும் எண்ணமே இல்லாதவர்களும் இந்த ஒரு காரணத்துக்காக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

என்ன டிரஸ் போடணும்? பார்க்கா வாங்கணுமா?

வாங்க வேண்டியதில்லை. ஜீன்ஸும் சுத்தமான சட்டையும் போதும். நர்சாக இருக்கும் தோழி ஒருத்தி டியூட்டி முடித்து நேரே குர்தியோடு வந்தாள், அவளைப் பார்த்த ஒரு பெரியவர் துணியின் பிரிண்டை மனசாரப் பாராட்டினார். மாட் கூட்டத்துக்கு உடையின் மேல் உண்மையான அக்கறை உண்டு. நேர்த்தியாக உடுத்திக்கொண்டு வந்தால் கவனிப்பார்கள். அது எந்த ஊர் உடை என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை.

ஆசையாக இருந்தால் சின்னதாகத் தொடங்குங்கள். மேல் பட்டன் வரை போட்ட போலோ சட்டை, கணுக்கால் தெரியும் அளவுக்குக் குட்டையான பேண்ட், டெசர்ட் பூட்ஸ். பெண்கள் நேர்வெட்டுக் குட்டை ஃபிராக், தட்டையான செருப்பு, கண்ணுக்கு அழுத்தமான மை. பார்க்கா என்பது கொரியப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவக் கோட்டு. எம்-51 என்று பெயர். ராணுவத்தில் மீந்ததைக் கடைகளில் மலிவாக விற்றார்கள். ஸ்கூட்டரில் போகும்போது மழையும் புழுதியும் விலையுயர்ந்த சூட்டில் படாமல் இருக்க மேலே மாட்டிக்கொண்டார்கள். பப்புக்குள் அதைப் போட்டுக்கொண்டே ஆடினால் வெந்துவிடுவீர்கள்.

வாசல்ல அவ்வளவு ஸ்கூட்டர் நிக்குதே, எதுக்கு அத்தனை கண்ணாடி, அத்தனை லைட்?

அழகுக்குத்தான். 1960களில் தன் வண்டி அடுத்தவன் வண்டி போல இருக்கக் கூடாது என்ற போட்டியில் வந்தது. பிறகு மாட்கள் பலர் அதையெல்லாம் கழற்றிவிட்டு, வண்டியை மொட்டையாக ஓட்டுவதே பாணி என்று மாறினார்கள். 1979இல் மாட்களைப் பற்றி வந்த 'குவாட்ரோஃபீனியா' படத்துக்குப் பிறகு கண்ணாடி நிறைந்த வண்டிதான் எல்லோர் மனதிலும் நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிளை விட்டு ஸ்கூட்டரைத் தேர்ந்ததற்கு உடையும் ஒரு காரணம். வெஸ்பாவிலும் லாம்ப்ரெட்டாவிலும் எஞ்சின் தகட்டுக்குள் மூடியிருக்கும், எண்ணெய் கால்சட்டையில் தெறிக்காது.

நம் ஆட்கள் இந்த வண்டிகள் முன் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டியின் சாயல் தெரியும். பஜாஜ் முதலில் வெஸ்பாவை உரிமம் பெற்றுத் தயாரித்த நிறுவனம், சேதக் அந்த வழியில் வந்தது. லாம்ப்ரெட்டாவின் கதை இன்னும் நெருக்கம். மிலான் நகரத்து இன்னொசென்டி நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டபோது, அச்சும் எந்திரங்களும் லக்னோவில் இருந்த அரசு நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியாவுக்கு வந்தன. விஜய் சூப்பர் அந்த வண்டிதான். இங்கே ஓடும் லாம்ப்ரெட்டாக்களில் இந்தியாவில் செய்தவையும் உண்டு, இந்திய உதிரி பாகம் போட்டவை அதைவிட அதிகம். வண்டிக்காரரிடம் "எங்கள் வீட்டில் விஜய் சூப்பர் இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள். குழு வாசிக்கத் தொடங்கும் வரை உங்களை விடமாட்டார்.

ஆடத் தெரியாது. சும்மா நிக்கலாமா?

நிற்கலாம். பாதிப் பேர் பின்னால் கிளாஸோடு தலையை ஆட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். ஆட விரும்புகிறவர்களுக்கு மேடைக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கும். அந்த இடத்தில் நின்று போனைப் பார்ப்பதை மட்டும் தவிருங்கள்.

சோல் பாட்டு வரும்போது சிலர் தனித்தனியாக, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு ஆடுவதைக் காண்பீர்கள். அது நார்தர்ன் சோல் ஆட்டம். மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், விகன் நகரின் கசீனோ போன்ற இடங்களில் விடிய விடிய ஆடி வளர்ந்தது. விகன் கசீனோ 1973 முதல் 1981 வரை நடந்தது, அங்கே மது விற்றதில்லை. கால் வழுக்குவதற்காகத் தரையில் டால்கம் பவுடர் தூவுவார்கள். இந்த ஆட்டத்துக்கு ஜோடி தேவையில்லை என்பதால் கூச்சமுள்ளவர்களுக்கு நல்லது. அவர்கள் காலைப் பார்த்து நாலு பாட்டு ஆடினால் அடிப்படை பிடிபட்டுவிடும்.

கூட்டத்துல எல்லாரும் அம்பது, அறுபது வயசுக்காரங்களா இருக்காங்களே, நமக்கு செட்டாகுமா?

1979இல் தி ஜாம் புகழில் ஏறிக்கொண்டிருந்தது, 'குவாட்ரோஃபீனியா' படமும் வந்தது. அன்று பதினைந்து வயதில் பார்க்கா மாட்டிக்கொண்டவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பப்பை நிரப்புவது அவர்கள்தான். 1960களின் அசல் மாட்கள் எண்பதை ஒட்டியவர்கள், அவர்களிலும் ஓரிருவர் சுவரோரமாக உட்கார்ந்திருப்பார்கள். 1990களில் ஓஷன் கலர் சீன், பிளர் போன்ற குழுக்கள் வழியாக வந்தவர்கள் நடு வயதில் இருக்கிறார்கள்.

இந்த வயதுக் கூட்டத்தோடு மாலையைக் கழிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். இந்த நாட்டில் புதிதாக வந்த ஒருவரிடம் முதியவர்கள் இவ்வளவு தாராளமாகப் பேசும் இடம் வேறு எங்கே கிடைக்கிறது? இடைவேளையில் "நீங்கள் எப்போது இதைக் கேட்க ஆரம்பித்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் காலத்து ரயில், சம்பளம், கடை, சண்டை, காதல் எல்லாம் வந்துவிடும்.

அக்கா, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போகலாமோ?

இரவுக் கச்சேரிக்கு வேண்டாம். பெரியவர்களோடு வந்தால் பிள்ளைகள் பப்புக்குள் இருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் எட்டு, ஒன்பது மணிக்கு மேல் அவர்களை அனுமதிக்காத பப்கள் ஏராளம். கோடையில் ஞாயிறு மதியம் பப் தோட்டத்தில் இதே குழுக்கள் வாசிப்பார்கள். அதற்குக் கூட்டிப் போங்கள். ஸ்கூட்டர் ஊர்வலமும் சேர்ந்த நாளாக இருந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். காதை மூடும் ஹெட்ஃபோன் கட்டாயம் போட்டுவிடுங்கள்.

சத்தம் ரொம்ப அதிகமா இருக்குமா?

இருக்கும். தாழ்ந்த கூரையுள்ள சின்ன அறையில் டிரம்ஸ் மட்டுமே 100 டெசிபெல்லைத் தொட்டுவிடும். அந்த அளவில் காதுக்குப் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான். மருந்துக்கடையிலேயே காதடைப்பான் கிடைக்கிறது. கொஞ்சம் கூடுதல் விலையில், இசைக்காகவே செய்தது வாங்கினால் பாட்டு மங்காமல் சத்தம் மட்டும் குறையும். மேடையில் இருப்பவர்கள் காதைப் பாருங்கள், அவர்களே போட்டிருப்பார்கள். தி ஹூவின் டவுன்சென்ட் பல ஆண்டுகளாகத் தன் காது கேளாமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசி வருகிறார்.

பொண்ணு தனியா போறது சேஃபா?

நான் தனியாகப் போகிறேன். மற்ற சனிக்கிழமைக் கூட்டங்களைவிட இது அமைதியானது, மேலே சொன்ன கூட்டத்தின் வயதும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் வழக்கமான எச்சரிக்கைகள் வேண்டும். கிளாஸைக் கண் பார்வையில் வைத்திருங்கள், வீட்டுக்குப் போகும் வழியை முன்பே முடிவு செய்யுங்கள். யாராவது தொந்தரவு செய்தால் பாரில் போய் "ஏஞ்சலா இருக்காங்களா?" என்று கேளுங்கள். 2016இல் லிங்கன்ஷயரில் தொடங்கி நாடெங்கும் பரவிய ஏற்பாடு அது. உதவி தேவை என்று ஊழியர்கள் புரிந்துகொண்டு, சத்தமில்லாமல் உங்களை வெளியே அனுப்ப வழி செய்வார்கள்.

பிரைட்டன் பீச்ல மாட்ஸும் ராக்கர்ஸும் அடிச்சுக்கிட்டாங்களாமே, இப்பவும் சண்டை வருமா?

வராது. 1964 ஈஸ்டரில் கிளாக்டனிலும், அந்த மே மாதம் மார்கேட், பிரைட்டன் கடற்கரைகளிலும் கைகலப்புகள் நடந்தது உண்மை. ராக்கர்கள் என்பவர்கள் தோல் ஜாக்கெட், மோட்டார் சைக்கிள், 1950களின் ராக் அண்ட் ரோல் இசை என்று இருந்தவர்கள். பத்திரிகைகள் அந்த நாட்களைப் போர்க்களமாக எழுதின. சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972இல் வெளியிட்ட ஆய்வு, நடந்ததற்கும் எழுதப்பட்டதற்கும் இருந்த பெரிய இடைவெளியைக் காட்டியது. இன்று ஸ்கூட்டர்காரரும் மோட்டார் சைக்கிள்காரரும் ஒரே மெக்கானிக்கிடம் காத்திருக்கிறார்கள்.

அந்த நீலம், வெள்ளை, சிவப்பு வட்டம், யூனியன் ஜாக் கொடி போட்ட கோட்டு... இவங்க இனவெறிக் கூட்டமா? மாமா போகாதேங்கிறார்.

மாமாவின் பயம் காற்றிலிருந்து வந்ததில்லை, அதை மதித்தே பதில் சொல்கிறேன். 1970களின் கடைசியிலும் 1980களிலும் ஸ்கின்ஹெட் என்ற, தலைமுடியை ஒட்ட வெட்டிய இளைஞர்களில் ஒரு பகுதியை வலதுசாரித் தீவிரவாதக் கட்சிகள் தங்கள் பக்கம் இழுத்தன. தெற்காசியர்களைத் தேடித் தேடி அடித்த காலம் அது. 1981 ஜூலை 3 அன்று லண்டனில் தெற்காசியர்கள் அதிகம் வாழும் சௌத்ஹாலில் ஹாம்ப்ரோ டேவர்ன் என்ற பப்பில் ஒரு கச்சேரிக்காக வெளியூர் ஸ்கின்ஹெட்கள் வந்து இறங்க, உள்ளூர் ஆசிய இளைஞர்கள் எதிர்த்து நிற்க, அந்தப் பப் எரிந்தே போனது. அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்கள் பப், பேண்டு, கொடி மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் பயப்படத்தான் செய்வார்கள்.

ஆனால் மாட் வேறு. ஸ்கின்ஹெட் 1960களின் கடைசியில் மாட் கூட்டத்தின் ஒரு கிளையாக வந்தது உண்மைதான், முதலில் அவர்களும் ஜமைக்கா இசையைத்தான் கேட்டார்கள். மாட் இசையின் வேர் கறுப்பினக் கலைஞர்கள் கொடுத்தது. ஃபிளமிங்கோ கிளப்பில் கரீபியத்திலிருந்து குடியேறியவர்களும் கறுப்பின அமெரிக்க ராணுவத்தினரும் வெள்ளை இளைஞர்களும் ஒரே தளத்தில் ஆடினார்கள். அந்த வட்டம் பிரிட்டிஷ் விமானப்படையின் அடையாளம். பாப் ஆர்ட் ஓவியர்கள் வட்டத்தையும் கொடியையும் வெறும் வடிவங்களாக எடுத்தாண்டார்கள், அவர்களிடமிருந்து தி ஹூ எடுத்துக்கொண்டது. அந்தக் குழுவின் டிரம்மர் கீத் மூன் வட்டம் போட்ட பனியனையும், டவுன்சென்ட் கொடித்துணியில் தைத்த கோட்டையும் போட்டார்கள்.

சரி, உள்ளே வரும் ஒவ்வொருவர் மனதுக்கும் நான் உத்தரவாதம் தர முடியாது. எந்தக் கூட்டத்துக்கும் யாராலும் தர முடியாது. நான் போகும் இடங்களில் என் நிறம் ஒரு விஷயமாக இருந்ததில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உள்ளே போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள், சரியில்லை என்று தோன்றினால் கிளம்பிவிடுங்கள்.

பிடிச்ச பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேக்கலாமா? வீடியோ எடுக்கலாமா?

இடைவேளையில் போய்க் கேளுங்கள். பாட்டுக்கு நடுவில் கத்தாதீர்கள். குழுக்கள் ஒத்திகை பார்த்த பட்டியலோடுதான் வருவார்கள், அதில் இல்லாததை வாசிக்கச் சொன்னால் பாவம் தவிப்பார்கள். ஒரு பாட்டின் துண்டை வீடியோ எடுப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். இரவு முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருப்பவர்களுக்குத் தொந்தரவு.

அடுத்தவங்க பாட்டை வாசிச்சு காசு வாங்கறாங்களே, எழுதினவங்களுக்கு ஏதாவது போகுமா?

போகும். பொது இடத்தில் இசை ஒலிக்கப் பப் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டுகிறது. அதில் ஒரு பங்கு பிஆர்எஸ் என்ற அமைப்பு வழியாகப் பாட்டை எழுதியவர்களுக்குப் போகிறது. நேரடியாக வாசிக்கும்போது பணம் எழுதியவர் தரப்புக்குத்தான், அசல் இசைத்தட்டில் பாடியவருக்குக் கிடையாது. எழுதியவர் இறந்த பிறகும் 70 ஆண்டுகள் வாரிசுகளுக்கு உரிமை தொடரும்.

இதில் எனக்கு மனக்குறை ஒன்று உண்டு. ஸ்மால் ஃபேசஸ் உச்சத்தில் இருந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது வாரம் 20 பவுண்டு சம்பளமும், லண்டனின் கார்னபி தெருக் கடைகளில் துணி வாங்கக் கணக்கும். சேர்ந்து பாட்டு எழுதிய மாரியட் 1991இலும் ரோனி லேன் 1997இலும் இறந்துவிட்டார்கள். அவர்கள் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தால் அசல் ஆல்பத்தையும் முறையாக வாங்கிக் கேளுங்கள். உள்ளூர் குழுவுக்கும் கிடைப்பது அதிகமில்லை. ஒரு இரவின் தொகையை நாலு பேர் பிரித்து, பெட்ரோல், கிடார் கம்பி, ஒத்திகை அறை வாடகை போக மீதி கொஞ்சம்தான். காசு வசூலிக்கும் வாளி ஒன்று சுற்றி வந்தால் தாராளமாகப் போடுங்கள்.

மேட்னஸ், ஸ்பெஷல்ஸ் பாட்டெல்லாம் வாசிச்சாங்க. அது மாடா, ஸ்காவா?

அது டூ டோன். 1979இல் கோவென்ட்ரி நகரிலிருந்து எழுந்த, ஸ்காவையும் பங்க் ராக்கையும் கலந்த இசை. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்த குழுக்கள் பல, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சின்னம், இனவெறிக்கு எதிரான நிலைப்பாடு. மாமாவுக்குச் சொல்லவும் இது உதவும். மாட் மறுமலர்ச்சி வந்த அதே ஆண்டு என்பதால் இரண்டின் ரசிகர்களும் கலந்துவிட்டார்கள். இது மாட் இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். 1964இலேயே மாட்கள் ஜமைக்காவின் ஸ்கா பாடகர் பிரின்ஸ் பஸ்டரின் தட்டுகளைத் தேடி வாங்கியவர்கள் என்பதால், என்னைக் கேட்டால் இது அதே குடும்பம்தான்.

ஒரிஜினல் ஆளே குழுவுல இருந்தா அதுவும் கவர்ஸ் பேண்டா?

தி ஜாமின் பேஸ் கலைஞர் புரூஸ் ஃபாக்ஸ்டனும் டிரம்மர் ரிக் பக்லரும் 2007இல் 'ஃப்ரம் தி ஜாம்' என்ற பெயரில் வேறொரு பாடகரோடு மேடையேறினார்கள். பக்லர் 2009இல் விலகினார், ஃபாக்ஸ்டன் தொடர்ந்தார். பாட்டுகளை எழுதிய பால் வெல்லர் அதில் இல்லை. சிலர் அதை அசல் என்கிறார்கள், சிலர் ட்ரிப்யூட் என்கிறார்கள். அந்த பேஸ் வரிகளை உருவாக்கிய விரல்களே வாசித்தபோது அதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லாமே பழைய பாட்டு, அதுவும் அடுத்தவங்க பாட்டு. மாடர்ன்னு பேரு வெச்சுக்கிட்டு இதுல என்ன புதுசு இருக்கு?

'அடுத்தவர் பாட்டு' என்ற பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாட் இசை தொடங்கியதே அடுத்தவர் பாட்டில்தான். தி ஹூவின் முதல் ஆல்பத்தில் (1965) ஜேம்ஸ் பிரவுனின் பாட்டுகள் இரண்டு இருக்கின்றன. 'ஹீட் வேவ்' என்ற பாட்டை மார்த்தா அண்ட் தி வாண்டெல்லாஸ் 1963இல் டெட்ராய்ட்டில் பாடினார்கள், 1966இல் தி ஹூ எடுத்துப் பாடியது, 1979இல் தி ஜாம் பாடியது. கிங்க்ஸின் 'டேவிட் வாட்ஸ்' பாட்டையும் தி ஜாம் எடுத்துக்கொண்டது. 'டவுன் கால்ட் மாலிஸ்' சொந்தப் பாட்டுதான், ஆனால் அதைத் துள்ளவைக்கும் தாளம் மோட்டவுனிலிருந்து வந்தது. இந்தக் குழுக்கள் எல்லாமே சின்ன அறைகளில், அமெரிக்கத் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு வாசித்துத்தான் வளர்ந்தன. அதனால் உள்ளூர் பப்பில் நாலு பேர் 'ஹீட் வேவ்' வாசிக்கும்போது, அந்த வரிசையில் நாலாவதாக நிற்கிறார்கள் என்றே நான் பார்க்கிறேன்.

'பழசு' என்ற பாதியில் நியாயம் இருக்கிறது. பால் வெல்லர் 1982 டிசம்பரில், புகழின் உச்சியில், 24 வயதில் தி ஜாமைக் கலைத்தார். கடைசிக் கச்சேரி பிரைட்டனில்தான். ஒரே இடத்தில் தேங்கிவிடக் கூடாது என்ற அந்த முடிவுதான் உண்மையான மாட் குணம் என்று வாதிடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு முழு உடன்பாடு. அதே நேரம், அவர் விட்டுப்போன பாட்டுகளை யாராவது உரக்க வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன். தட்டில் கேட்கும்போது தெரியாத ஒன்று, பத்தடி தூரத்தில் ஸ்னேர் டிரம் அடிக்கும்போது நெஞ்செலும்பில் தெரிகிறது. அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

புதுசு வேண்டுமென்றால் இரண்டாம் பாதியைக் கவனியுங்கள். பல குழுக்கள் அதில் தாங்களே எழுதிய ஒரு பாட்டை நடுவில் நுழைப்பார்கள். கூட்டத்தில் பாதி அப்போதுதான் கிளாஸை நிரப்பப் பாருக்குப் போகும். நீங்கள் போகாதீர்கள், நின்று கேட்டுவிட்டு, பிடித்திருந்தால் முடிந்ததும் போய்ச் சொல்லுங்கள்.